அடிக்காத டிரம்மின் சத்தம்

ஃப்ளோர் டாமை ஒரே ஒரு முறை அடித்துவிட்டுக் காத்திருந்தேன், குச்சியால் அல்ல, கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தி. திரையில் சுப்பீரியர் டிரம்மர் 3 என்ற டிரம்ஸ் மென்பொருள் திறந்திருந்தது, ஸ்னேர் டிரம்முக்கு அடியில் வைத்த மைக்கின் சேனலைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மியூட் செய்திருந்தேன், டாமை அடித்தால் ஸ்னேரின் மைக்கில் என்ன விழுகிறது என்று மட்டும் கேட்க வேண்டியிருந்தது, விழுந்தது டாமின் தடித்த குரல், தள்ளி நின்று பேசுகிற மாதிரி மங்கலாக, அதன் பின்னாலேயே யாரும் தொடாத ஸ்னேரின் கம்பிகள் தாமாகச் சிலிர்த்து, மெல்லிய ஒரு கிர்ர், ஒரு விநாடிகூட இல்லை, அடங்கிவிட்டது.

ஒரு சிறிய படத்துக்கு இசையமைக்கும் தம்பி மிடியில், அதாவது அடிகளை எண்களாகக் குறிக்கிற முறையில், எழுதி அனுப்பிய டிரம்ஸை, ஆள் உட்கார்ந்து வாசித்ததாகக் கேட்கும்படி மிக்ஸ் செய்து தர வேண்டும் என்பதுதான் வேலை. ஆளை வைத்து வாசிக்கப் பணம் இல்லை, பணம் இருந்தாலும் டிரம்ஸ் செட்டைப் பரப்பி மைக் போடுகிற அளவுக்கு ஒரு கூடத்தை இன்றைய சென்னையில் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆகவே அதே மிடி கோப்பை சுப்பீரியர், பிஎஃப்டி 3, அடிக்டிவ் டிரம்ஸ் 2, ஸ்லேட் டிரம்ஸ் 5 என்று நான்கிலும் ஓட்டி, நான்கின் ஒலி அளவையும் சமப்படுத்தி (சத்தம் சற்றுக் கூடியிருந்தாலே காது அதை நல்லது என்று நம்பிவிடும், சமப்படுத்தாமல் செய்கிற ஒப்பீடு எதற்கும் உதவாது), எது நிஜமாக ஒலிக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் இந்தக் கிர்ர். அந்தச் சத்தத்தை நான் முதலில் கேட்டது மதுரையில், மேலமாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில், வெற்றிலைக் கடைக்கு மேலே இருந்த மாடி அறையில்.

சித்தப்பா ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் கிடார் வாசித்தார், பகலில் பஞ்சாலையில் கணக்கு எழுதுகிற வேலை, சாயங்காலம் ஒத்திகை, சனிக்கிழமைகளில் என்னையும் கூட்டிப்போவார். கீழேயிருந்து ஈர வெற்றிலையின் வாசனை படியேறி வரும், மேலே வந்தால் அதோடு கொசுவர்த்திப் புகையும், ஆம்ப்ளிஃபயர் சூடேறும்போது அதன்மேல் படிந்த தூசி கருகும் வாசமும் சேர்ந்துகொள்ளும், மேற்குப் பக்கம் மரச்சட்டம் வைத்த ஜன்னல், ஐந்து மணி வெயில் அதன் இடுக்குகள் வழியே பட்டை பட்டையாக வந்து டிரம்ஸின் மேல் விழும், சிம்பலில் பட்டுத் திரும்பிக் கூரையில் ஆடும். டிரம்ஸ் வாசித்தவரை எல்லாரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள், அப்போதே அவருக்கு அறுபதை ஒட்டிய வயது இருக்கும், வந்ததும் முழுக்கைச் சட்டையை முழங்கைக்கு மேல் மூன்று மடிப்பு மடிப்பார், ஒரு சிட்டிகை பொடி போடுவார், மூக்கைத் துடைத்த கைக்குட்டையை மடித்து வைத்துவிட்டு, வீட்டுச் சாவிக்கொத்திலேயே கோத்து வைத்திருக்கும் டிரம் சாவியை எடுத்து, ஒவ்வொரு டிரம்மாகக் குனிந்து, நடுவில் ஒரு விரலை லேசாக ஊன்றிக்கொண்டு ஓரத்தில் இன்னொரு விரலால் தட்டித் தட்டி, திருகாணிக்குத் திருகாணி கால் திருப்பு அரைத் திருப்பாகச் சரி செய்வார். அது முடிகிறவரை யார் என்ன கேட்டாலும் பதில் வராது.

சித்தப்பா பேஸ் கிடாரில் சுருதி சேர்ப்பார், தடித்த கம்பியை மீட்டும்போதெல்லாம் அறையின் அந்த மூலையில், யாரும் உட்காராத டிரம்ஸிலிருந்து ஸ்னேர் தானாகக் கிர்ர் என்னும். பயந்து மாஸ்டரைப் பார்த்தேன். அவர் என்னைக் கையைப் பிடித்து இழுத்து, ஸ்னேரைத் தாங்கியிலிருந்து தூக்கிக் கவிழ்த்துக் காட்டினார், அடித்தோலின் குறுக்கே இருபது இழை சுருள் கம்பி, தோலைத் தொட்டும் தொடாமலும் இழுத்துக் கட்டியது, அதுதான் ஸ்னேருக்கு அந்தச் சுரீர் குரலைத் தருவது, அது தன் டிரம்மின் அடிக்கு மட்டுமல்ல, பக்கத்தில் எந்தக் காற்று அதிர்ந்தாலும் அதிரும். "பாட்டுக்கு முன்னாடி ஹம்மிங் வந்தா இந்த நெம்புகோலத் தட்டிக் கம்பிய இறக்கி விட்ருவேன்டா, இல்லாட்டி பாடுற அம்மாவுக்கு முன்னாடி இது பாட ஆரம்பிச்சிரும்" என்றார். மெதுவான பாட்டு என்றால் சட்டைப்பையிலிருந்து தோல் பர்ஸை எடுத்து ஸ்னேரின் ஓரத்தில் வைப்பார், கணீர் என்ற ஓசை சட்டென்று தடித்து, வாய் மூடிப் பேசுகிற குரலாகிவிடும், பாட்டு முடிந்ததும் பர்ஸை எடுத்து உள்ளே பணம் சரியாக இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் பைக்குள் வைப்பார்.

நிஜமான டிரம்ஸ் என்பது ஏழெட்டுத் தனித்தனி வாத்தியங்கள் அல்ல, ஒன்றை அடித்தால் மற்றதெல்லாம் கூடவே கொஞ்சம் ஒலிக்கிற ஒரே பொருள், இது அந்த மாடியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்த எந்தப் பிள்ளைக்கும் தெரிந்துவிடும். இயந்திரங்கள் அதை அறிந்துகொள்ளத்தான் வெகுகாலம் ஆனது. 1980இல் அமெரிக்காவில் ரோஜர் லின் செய்த எல்எம்-1 தான் உண்மையான டிரம்ஸின் ஒலியை டிஜிட்டலாகப் பதிந்து சிப்பில் வைத்த முதல் டிரம் மெஷின், அதில் கிராஷும் கிடையாது, ரைடும் கிடையாது, காரணம் சிம்பல் அடங்க நேரம் பிடிக்கும், நேரம் என்றால் நினைவகம், நினைவகம் அன்று தங்க விலை. கிக், ஸ்னேர், டாம் எல்லாம் துண்டு துண்டாக, தத்தம் அறைகளில் கதவடைத்துக்கொண்டவை போல ஒலித்தன. 1983இல் மிடி வந்தது, பின்னாளில் கிக்குக்கு 36, ஸ்னேருக்கு 38, மூடிய ஹைஹாட்டுக்கு 42 என்று ஒவ்வொன்றும் ஓர் எண்ணாயின, எவ்வளவு வேகமாக அடிக்கிறோம் என்பது 1 முதல் 127 வரை இன்னோர் எண்ணாயிற்று, அந்த இரண்டு எண்களுக்குள்தான் இன்றைக்கும் இந்தத் தம்பியின் பாட்டு உட்கார்ந்திருக்கிறது.

ஒரே ஸ்னேர் ஒலியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டால் வேகமான உருட்டலில் அது இயந்திரத் துப்பாக்கியாகக் கேட்கும், காது இதைப் பிடித்துவிடும், ஒரு மனிதன் ஒரே இடத்தில் ஒரே விசையில் இரண்டு முறை அடிக்க முடியாது என்பதைக் காது யாரிடமும் கற்றுக்கொள்ளவில்லை. ஆகவே மெல்லியதிலிருந்து பலத்த அடிவரை பல படிகளாகப் பதிந்தார்கள், ஒவ்வொரு படியிலும் பல அடிகளைப் பதிந்து மாற்றி மாற்றி ஒலிக்கவிட்டார்கள், கோப்புகள் பெருத்தன. ஆனால் அதைவிடப் பெரிய மாற்றம் என்று நான் நினைப்பது வேறு, 2003இல் லண்டனின் எஃப்எக்ஸ்பேன்ஷன் கொண்டுவந்த பிஎஃப்டி மாதிரியான மென்பொருள்கள் ஒவ்வோர் அடியையும் எல்லா மைக்குகளிலும் ஒரே நேரத்தில் பதிந்து வைத்ததுதான் அது, பக்கத்து மைக், தலைக்கு மேல் தொங்கும் ஓவர்ஹெட், தூரத்து ரூம் மைக் என்று, டாமை அடித்தால் அது ஸ்னேர் மைக்கிலும் விழும், கிக்கை மிதித்தால் ஓவர்ஹெட்டிலும் கேட்கும். அதுவரை அழுக்கு என்று துடைத்தெறிந்த கசிவை அவர்கள் சரக்காக விற்றார்கள், அது சரியான காரியம்.

2017இல் வந்த சுப்பீரியர் 3இன் ஒலிகளைப் பதிந்தவர் ஜார்ஜ் மாசன்பர்க், இன்று உலகத்தில் எல்லா ஒலிப்பதிவாளரும் கைவைக்கும் பாராமெட்ரிக் ஈக்வலைசரைப் பற்றி 1972இலேயே கட்டுரை எழுதிய மனிதர், பதிந்த இடம் பெல்ஜியத்தில் மோல் என்ற ஊரின் கேலக்ஸி ஸ்டூடியோ, அங்கே அறைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் ஸ்பிரிங்குகளின் மேல் நிற்கும் கான்கிரீட் பெட்டிகள், வெளிச்சத்தம் எட்டாது, ஆகவே சிம்பல் அடங்கி ஒன்றுமில்லாமல் போகிற கடைசி இழைவரை பதிய முடிந்தது, மொத்தம் 230 ஜிபிக்கு மேல். அதற்கு நேர் எதிர்முனையில் அடிக்டிவ் டிரம்ஸ், சில ஜிபிதான், திறந்த மாத்திரத்தில் பாட்டுக்குள் உட்கார்ந்துவிடும், அதன் ஃபேர்ஃபாக்ஸ் தொகுப்பைப் பதிந்தது கலிபோர்னியாவில் முன்பு சவுண்டு சிட்டி என்ற பெயரில் இருந்த ஸ்டூடியோவின் அறையில், நிர்வானா குழு 1991இல் வெளிவந்த ஆல்பத்துக்காக டேவ் க்ரோலை வாசிக்கவைத்துப் பதிந்ததும் அதே அறையில்தான். ஸ்லேட் ஏற்கெனவே சமைத்து, காரம் உப்பு எல்லாம் பார்த்துத் தருவது, ராக் பாட்டுக்கு அவசரத்தில் கைகொடுக்கும், அதன் ஸ்னேரைப் பிரித்து மறுபடி மென்மையாக்க முயல்வது வீண் வேலை. இவற்றில் பிஎஃப்டி 3தான் பச்சையானது, 2013இல் வந்தது, முதலில் கேட்டால் ஏமாற்றமாகக்கூட இருக்கும், கொஞ்சம் வறட்சியாக, அறைக்குள் நுழைந்து டிரம்ஸின் முன் நின்றால் எப்படி இருக்குமோ அப்படி, ஆனால் சிம்பலை மேலே மேலே அடிக்கும்போது முந்தைய அடியின் அலை அடங்காமல் இருக்க அதன்மேல் அடுத்தது ஏறிப் பெருகுவதை அது கணக்கிட்டுச் செய்கிறது, டாம்களின் ஒத்ததிர்வையும் அப்படியே.

லண்டனின் ஆபி ரோடு ஸ்டூடியோவில் பதிந்த டிரம்ஸ் தொகுப்புகளும் விற்பனைக்கு உண்டு, அறுபதுகளின் ஒலிக்கென்றே ஒன்று. பீட்டில்ஸின் ரிங்கோ ஸ்டார் டாம்களின் மேல் பாத்திரம் துடைக்கும் துண்டுகளைப் போட்டு வாசித்ததும், 1966இல் ஜெஃப் எமெரிக் என்ற இளம் ஒலிப்பதிவாளர் கிக்கிற்குள் ஒரு கம்பளிச் சட்டையைத் திணித்து, நிறுவன விதியை மீறி மைக்கை அருகே கொண்டுபோனதும் ஒலிப்பதிவாளர்கள் எல்லாரும் கேட்டு வளர்ந்த கதைகள். அவற்றை முதலில் கேட்டபோது மதுரை மாஸ்டரின் பர்ஸ்தான் ஞாபகம் வந்தது, வியர்வை ஊறிக் கறுத்த அந்தத் தோலின் வாசனை, அதிலிருந்து இன்னும் பச்சையான தோலின் வாசனைக்கு மனம் போய்விடுகிறது, தஞ்சாவூரில் மிருதங்கம் செய்கிறவரின் பட்டறைக்கு.

கொஞ்ச காலம் மிருதங்கம் படித்தேன், என் மிருதங்கத்தின் வலந்தலையில் கரணை, நடுவில் இருக்கிற அந்தக் கறுப்புப் பொட்டு, வெடித்துவிட்டால் அப்பா பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு என்னையும் கூட்டிப்போவார். ஊறவைத்த தோல், குழைய வடித்த சோறு, கறுப்புக் கல் பொடி, பலாக்கட்டையின் தூள், எல்லாம் கலந்த ஒரு புளிப்பு வாடை வாசலிலேயே வரும், ஓட்டுக்கு நடுவே பதித்த கண்ணாடி ஓட்டின் வழியாக வெயில் ஒரே சதுரமாகத் தரையில் விழுந்திருக்கும், பெரியவர் அந்தச் சதுரம் நகர நகரத் தானும் நகர்ந்து உட்கார்ந்துகொள்வார், வேலை செய்கிற தோல் எப்போதும் வெளிச்சத்தில் இருக்க வேண்டும் அவருக்கு. கண்ணாடியின் ஒரு காம்பு ஒடிந்து நூலால் கட்டியிருப்பார். மிருதங்கத்தைக் காலால் அணைத்துக்கொண்டு, சோறும் கறுப்புப் பொடியும் பிசைந்த களிம்பில் மிளகளவு எடுத்து நடுவில் தேய்ப்பார், வழவழப்பான கல்லால் அது காய்ந்து கறுத்து மின்னுகிறவரை உரசுவார், ஒரு தட்டு தட்டிக் கேட்பார், பிறகு இன்னொரு மிளகளவு, மறுபடி உரசல், மறுபடி தட்டு, மத்தியானச் சாப்பாடு வந்து ஆறிப்போகும்.

இந்தக் கறுப்புப் பொட்டு என்ன செய்கிறது என்பதை சி.வி. ராமன் 1920இல் நேச்சர் இதழில் எழுதினார், வெறும் வட்டத் தோலில் பிறக்கும் மேல்சுரங்கள் ஒன்றுக்கொன்று இசையாமல் கிடக்கும், ஆகவேதான் கிக்குக்கும் டாமுக்கும் தெளிவான சுருதி கிடையாது, நடுவில் கனத்தை ஏற்றினால் அவை அடிப்படைச் சுரத்தின் மடங்குகளாக வரிசைக்கு வந்துவிடும், தோல் கம்பி வாத்தியத்தைப்போல் சுருதியோடு பாடும். பெரியவர் ராமனைப் படித்தவர் இல்லை, அவர் செய்தது இன்னொன்று, செப்பம் முடிந்த மிருதங்கத்தைத் தரையில் வைத்துவிட்டு, அதே சுருதியில் ஏற்கெனவே சேர்த்துவைத்த வேறொன்றைப் பக்கத்தில் நிறுத்தி, புதியதில் ஒரு மீட்டு மீட்டி உள்ளங்கையால் உடனே அமுக்கிவிடுவார், அடித்தது அடங்கிவிடும், அடிக்காத பழையது மெல்ல முனகிக்கொண்டிருக்கும். அப்பா ஏதோ பேச வாயெடுத்தால் கையை உயர்த்தி நிறுத்துவார். "அது எடுத்துச் சொல்லுதுல்ல, சேந்துருச்சு" என்பார், அதன் பிறகுதான் கூலி பற்றிய பேச்சு.

அந்தப் பட்டறையின் மூலையில் ஒரு மைக்கை வைத்திருந்தால் நமக்குக் கிடைத்திருப்பது மிருதங்கத்தின் ஒலி மட்டும் அல்ல, சுவரில் தொங்கிய அத்தனை தோல்களின் பதிலும்தான். மைக்கை எங்கே வைப்பது என்பதை எனக்குக் காட்டியவர்கள் கோடம்பாக்கத்து ஆட்கள். எண்பதுகளின் கடைசியில் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் கேபிள் சுற்றுகிற வேலைக்குச் சேர்ந்தேன், காலை கால்ஷீட்டுக்கு ஆறரைக்கே கதவைத் திறக்க வேண்டும், உள்ளே நுழைந்ததும் ராத்திரி முழுக்க அடைபட்ட ஏசியின் குளிரும், ஈரம் ஊறிய கம்பளத்தின் வாடையும், டேப்புகளின் லேசான காடி மணமும், கொஞ்ச நேரத்தில் ஃப்ளாஸ்க் திறக்கிற காப்பி வாசனை அதை எல்லாம் அடித்துவிடும். மூத்த ஒலிப்பதிவாளர் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வெறுங்காலோடு கூடத்தில் நடப்பார், நடந்துகொண்டே கை தட்டுவார், நிற்பார், தலையைச் சாய்ப்பார், மறுபடி ரெண்டடி நடந்து தட்டுவார், தூரத்து மைக்கின் தாங்கியை நான் அவர் காட்டுகிற இடத்தில் வைக்க வேண்டும், நேற்று வைத்த அதே இடம் என்று நினைத்து வைத்தால் ஒரு சாண் நகர்த்துவார், இன்றைக்கு வயலின்காரர்கள் கூட, அவர்கள் உடம்பு சத்தத்தைக் குடித்துவிடும் என்பார்.

ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது, ஒரு மீட்டர் தள்ளிய மைக்குக்கு மூன்று மில்லிவிநாடி தாமதமாக வரும், ஆறு மீட்டர் தள்ளியதற்குப் பதினேழு, அந்தத் தாமதத்தில்தான் அறை எவ்வளவு பெரியது என்பது நம் காதுக்குத் தெரிகிறது. இங்கிலாந்தில் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய மாளிகையின் மாடிப்படிக் கூடத்தின் அடியில் டிரம்ஸ்காரர் ஜான் போனமை உட்காரவைத்து, மேல்படியிலிருந்து இரண்டே மைக்கைத் தொங்கவிட்டு ஆண்டி ஜான்ஸ் பதிந்த லெட் செப்பலினின் ஒரு பாட்டு 1971இல் வெளிவந்தது, டிரம்ஸ் மென்பொருள் செய்கிறவர்கள் இன்றுவரை எட்டிப்பிடிக்கப் பார்க்கிற ஒலி அது, அதில் கிக்குக்கென்று தனி மைக்கே கிடையாது. கோடம்பாக்கத்துக் கூடத்தில் டிரம்ஸ் கண்ணாடி போட்ட சிற்றறைக்குள் இருந்தாலும் கசிவு வயலின் மைக்குகளில் விழத்தான் செய்தது, தபேலாக்காரர் ஓர் இடத்தில் தவறினால் நாற்பது பேரும் முதலிலிருந்து வாசித்தார்கள், அந்தக் கசிவெல்லாம் சேர்ந்துதான் பழைய பாட்டுகளில் ஒரு கூட்டம் ஒரே கூரையின்கீழ் மூச்சு விடுவது கேட்கிறது. இன்றைக்கு எந்த டீசரைப் போட்டாலும் டிரம்ஸ் பிரமாதமான சத்தம், அது எந்த ஊரில் எந்த அறையில் அடித்தது என்று கேட்டால் பதில் இல்லை. மேடைக் கச்சேரிகளிலும் டிரம்ஸ் செட்டின் இடத்தில் ஆக்டோபேட் என்ற எலெக்ட்ரானிக் பலகை வந்து உட்கார்ந்து வெகுகாலம் ஆகிறது.

தொண்ணூறுகளின் நடுவில் அதே கூடத்தில் இன்னொரு மாதிரி வேலை நடந்தது, வாசிப்பு குறைந்துபோன ஒரு மூத்த டிரம்ஸ்காரரை வரவழைத்து அவர் செட்டைச் சாம்ப்ளரில் ஏற்ற ஏற்பாடு. சாம்ப்ளரின் நினைவகம் 8 எம்பி, ஸ்டீரியோவில் முக்கால் நிமிடத்துக்கு மேல் கொள்ளாது, அதற்குள் முழு டிரம்ஸையும் அடக்க வேண்டும், ஆகவே ஒவ்வொன்றிலும் மெதுவாக ஓர் அடி, நடுவாக ஓர் அடி, பலமாக ஓர் அடி, சத்தம் அடங்குகிறவரை மூச்சைப் பிடித்து உட்கார வேண்டும். அவர் இஸ்திரி போட்ட சட்டையில் விபூதியோடு வந்திருந்தார், வழக்கம்போல் முதலில் கிக்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார், குச்சியை எடுத்தார்.

"அண்ணே, ஸ்னேர்ல மெதுவா ஒண்ணு" என்றேன் டாக்பேக்கில்.

"இதுக்கப்புறம் என்னப்பா வருது?"

"ஒண்ணும் வரலண்ணே, அந்த ஒரு அடி மட்டும் போதும்."

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அவர் குச்சியைத் தூக்கியவர் அப்படியே நிறுத்திவிட்டுக் கேட்டார், "ஒண்ணும் வரலன்னா அடிச்ச கைய எங்க கொண்டு போறது?"

அடித்தார், எல்லாவற்றையும் அடித்துக் கொடுத்தார், பொறுமையாக, ஒன்றுக்கும் முகம் சுளிக்காமல். ஆனால் ஒவ்வோர் அடிக்கும் பிறகு அந்தக் கை காற்றில் பாதியில் நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டில் வாசிக்கும்போது அவர் ஸ்னேரில் அடிக்கிற கை ஏற்கெனவே ரைடுக்குப் போக ஆரம்பித்திருக்கும், ஆகவே குச்சி தோலில் விழுகிற கோணமே வேறு, டாம்களில் உருட்டி வரும்போது கடைசி அடி அடுத்த கிராஷை நோக்கிச் சாய்ந்து விளிம்பை லேசாக உரசும், எங்கிருந்து வந்தது, எங்கே போகப்போகிறது என்ற இரண்டும் சேர்ந்ததுதான் ஓர் அடி. நாங்கள் அன்று பதிந்தவை சுத்தமான அடிகள், எல்லாம் நடுவில் சரியாக விழுந்தவை, பாட்டில் ஒருநாளும் அவர் அப்படி அடித்ததில்லை.

அதனால்தான் திரும்பவும் அந்த நான்கு மென்பொருள்களுக்கு வந்தபோது தனி அடிகளைக் கேட்டுப் பார்ப்பதை விட்டுவிட்டேன். 230 ஜிபியின் ஒற்றை ஸ்னேர் அடியையும் சில ஜிபியின் ஒற்றை அடியையும் பாட்டுக்குள் வைத்தால் பெரும்பாலோர் பிரித்துச் சொல்ல மாட்டார்கள். ஆகவே சரணத்துக்குப் போகிற இரண்டு தாளவட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன், ஹைஹாட் பாதி திறந்து மெல்ல மூடுகிற இடம், ஸ்னேரின் மெல்லிய பேய் அடிகள் பலத்த அடிகளுக்கு இடையில் ஒளிந்து வருகிற இடம், டாம்கள் உருண்டு கிராஷில் முடிகிற இடம். ஸ்லேட் முதலில் விழுந்தது, அதன் மெல்லிய அடிகள்கூட மார்பை நிமிர்த்திக்கொண்டு நிற்கின்றன. அடிக்டிவ் நன்றாகவே தாக்குப்பிடித்தது, வேகமாக முடித்துக் கொடுக்க வேண்டிய விளம்பரப் பாட்டு என்றால் நான் அதோடு நின்றிருப்பேன், ஆனால் ஹைஹாட் மூடுகிற அந்த இடைவெளியில் படிகள் கேட்கின்றன. பிஎஃப்டியின் சிம்பல்கள்தான் நால்வரில் உயிருள்ளவை, கிராஷ் ரைடின் மேல் ஏறி இறங்குவது அசல். டாமிலிருந்து ஸ்னேருக்கு வருகிற பாதையிலும் அறையின் ஆழத்திலும் சுப்பீரியர். மெதுவான இந்தப் பாட்டுக்குச் சுப்பீரியரை வைத்துக்கொண்டு, கசிவைத் திறந்துவிட்டேன், ஓவர்ஹெட்டையும் ஸ்னேரையும் மில்லிவிநாடி பார்த்து நேராக இழுத்து ஒட்டவைக்கிற வேலையைச் செய்யவில்லை, அந்த ஒரு மீட்டரை அழித்துவிட்டால் டிரம்ஸ் நம் கன்னத்தில் ஒட்டிக்கொள்ளும், ஸ்னேரின் மேல் ஒரு துண்டு மடித்து வைத்த ஒலிக்கு மேல்சுரங்களைக் கொஞ்சம் ஒடுக்கினேன்.

எந்த மென்பொருளாலும் ஆகாத ஒன்று மிடியிலேயே இருந்தது. எல்லா அடிகளும் கட்டத்தின் கோட்டில் நூல் பிடித்து நின்றன, ஹைஹாட்டின் எல்லா அடிக்கும் 100 என்ற ஒரே எண், டாம்களில் உருட்டல் போகும்போதும் ஹைஹாட் பாட்டுக்குத் தொடர்ந்து போய்க்கொண்டிருந்தது, அதற்கு மூன்றாவதாக ஒரு கை வேண்டும். உருட்டலில் ஹைஹாட்டை நீக்கினேன், வலது கை பலமாகவும் இடது கை சற்று அடங்கியும் விழும்படி எண்களை மாற்றினேன், ஸ்னேரைத் தாளத்துக்கு ஒரு மயிரிழை பின்னால் தள்ளினேன், ஒவ்வோர் அடிக்கும் கை எங்கே போகிறது என்று மனத்தில் வாசித்துப் பார்த்துப் பார்த்து, அரைப் பாட்டுக்கு ஒரு பகல் போயிற்று. தம்பி கேட்டுவிட்டு நன்றாக வந்திருக்கிறது என்றார், ஒரே ஒரு கேள்வி, "சார், டாம் வர்ற எடத்துல பின்னாடி ஏதோ கிர்ர்னு ஒண்ணு கேக்குது, கேட் போட்டு எடுத்துறலாமா?" எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டேன், ஏன் என்று விளக்க அரைமணி நேரம் ஆயிற்று, பொறுமையாகக் கேட்டார், நல்ல பிள்ளை.

அடுத்த பாட்டை மவுஸால் கட்டங்களில் புள்ளி வைத்து அனுப்ப வேண்டாம், ஒரு தடவையாவது கையால் வாசித்துப் பதிந்து அனுப்புங்கள், தாளம் நழுவினாலும் பரவாயில்லை என்று கேட்டுக்கொண்டேன். தனக்கு டிரம்ஸ் வராது, கூடப் படித்த நண்பன் ஒருவன் சர்ச்சில் வாசிப்பான், அவனிடம் பெடலோடு எலெக்ட்ரானிக் செட் இருக்கிறது என்றார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அந்த நண்பனையே கூட்டிவரச் சொல்லியிருக்கிறேன், பிஎஃப்டியின் சிம்பல்களை அவன் கைக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும்.